நான் இல்லாத ஒரு நாள்: ஆனேக்கல் மாற்று அலுவலகம்

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக போனை அணைத்தேன். அலுவலகத்தைப் பொறுத்தவரை அந்த நொடியிலிருந்து நான் இல்லை.

மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. வெள்ளமோ தீயோ வந்து நகர அலுவலகம் முடங்கினாலும் வேலை நிற்காமலிருக்க, நகரத்துக்கு வெளியே ஆனேக்கல்லில் ஒரு மாற்று அலுவலகம் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வேலையும் அங்கிருந்தே நடக்கும். முறை வைத்துச் சிலர் மட்டும் போவோம், எனக்கு இதுதான் முதல் தடவை. அன்று சீட்டுக் குலுக்கி ஒருவரை 'இல்லாதவர்' ஆக்குவார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கலாம். பேசக் கூடாது, மற்றவர்களும் அவரைக் கண்டுகொள்ளக் கூடாது. இந்த முறை சீட்டில் என் பெயர்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மார்க்கெட் பஸ் நிலையத்துக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 180 ரூபாய். என்ன வேலையாகப் போகிறேன் என்று டிரைவர் கேட்டதால் சொன்னேன். "அப்ப ஆவிங்களா மேடம்? ஆவிக்கு ஒன் அண்ட் ஹாஃப் சார்ஜ் ஆகும்," என்றார். ஆனேக்கல் சாதாரண பஸ்ஸில் உள்ளூர் முகவரி உள்ள ஆதார் காட்டினால் பெண்களுக்கு இலவசம். 6.20க்கு ஏறி 8.05க்கு இறங்கினேன்.

காவலாளி முனிரத்தினம் கதவைத் திறந்தார். உள்ளே எங்கள் நகர அலுவலகம் அப்படியே இருந்தது. அதே வரிசையில் மேசைகள், என் மேசையில் என் பெயர் அட்டை, அதே இடத்தில் கடிகாரம். மனித வாசனை மட்டும் இல்லை.

"டெய்லி ஒம்பதுக்கு லைட் போட்டு, ஒவ்வொரு போனையும் எடுத்து டோன் வருதான்னு கேட்டுட்டு வெச்சிடுவேன் மேடம். ஏழு வருஷமா. உங்க சேரை நல்லாத் தெரியும். உங்களதான் இன்னிக்குப் பாக்கறேன்," என்றார்.

ஒன்பது மணிக்கு, 'இல்லாதவர்' அணிய வேண்டிய சாம்பல் நிற அட்டையைக் கழுத்தில் மாட்டினேன். பத்தரைக்கு முனிரத்தினமே தேநீர் கொண்டு வந்து, வேலைக்கு வந்திருந்த பதினான்கு பேருக்கும் கொடுத்தார். என் முன்னால் தட்டு நிற்காமல் நகர்ந்தது.

எனக்குப் பயம் பதினொரு மணியைப் பற்றித்தான். நீலசந்திராவில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு பன்னிரண்டு மணிக்கு இன்சுலின் பெட்டி போகும். பதினொன்றுக்கு போன் செய்தால்தான் நர்ஸ் கீழே வந்து நிற்பார். இல்லாவிட்டால் பெட்டி வெயிலில் கிடக்கும். இதை எட்டு வருடமாக நான்தான் செய்கிறேன். கையேட்டில் எழுதியதில்லை. மறதி என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்கட்டும் என்பதுதான் உண்மை.

11.05. யாரும் போனைத் தொடவில்லை. மடியில் சிவப்பு அட்டை இருந்தது. அதைத் தூக்கினால் பயிற்சி நிற்கும். ஏன் தூக்கினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியாக வேண்டும். 11.10. பெட்டி ஏறிய வண்டி கிளம்பிவிட்டதாகத் திரையில் வந்தது. பாதி எழுந்துவிட்டேன்.

என் உதவியாளர் தீபா போனை எடுத்தாள்.

"சிஸ்டர், பாக்ஸ் வருது, கீழ வந்துடுங்க. ஆமா, மேடம் லீவ் போட்டா நான்தானே பண்றேன்... அய்யோ, அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்க."

ஐந்தடி தள்ளி நான் நின்றிருந்தேன். நான் இருப்பதை மறந்துவிட்டாளா, தெரிந்தே சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் பார்வை என்னைத் தாண்டி கடிகாரத்துக்குப் போனது.

உங்கள் அலுவலகமும் இப்படி அனுப்பினால், தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போங்கள், அங்கே எதையும் கேட்க முடியாது. ஸ்வெட்டர் அவசியம், ஆள் பழகாத அறை மதியத்திலும் சில்லிடுகிறது. திரும்ப 4.40 பஸ்ஸைப் பிடியுங்கள். அதற்குப் பிறகு எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் சிக்கிக்கொள்வீர்கள்.

பஸ்ஸில் போனைப் போட்டேன். ஒரு மிஸ்டு கால் கூட இல்லை.

எழுதி வைக்காமல் நான் பொத்தி வைத்திருப்பவை இன்னும் ஆறு உண்டு. தீபாவுக்கு அவற்றில் எத்தனை தெரியும் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை ஆறையும் கையேட்டில் எழுதி, என் பெயரைப் போட்டு, அவள் மேசையில் வைக்கப் போகிறேன். அலுவலகத்தில் யாரும் நான் எழுதும் இந்தப் பயணப் பக்கத்தைப் படிப்பதில்லை. அவளிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.