வாசல் விளக்கு எரிந்த இரண்டு மாலைகள்

எட்டாம் வகுப்போடு நின்று, ஊர் ஊராகத் திரிந்த எனக்குத் தஞ்சாவூரில் ஒரு வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டு விளக்கு, மோட்டார், கேட் எல்லாவற்றையும் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே கண்காணித்து இயக்க வேண்டும்.

சீர்காழியில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். தினமும் மாலை ஆறு மணிக்கு வாசல் விளக்கைப் போடுவார். திரையில் அது எரிந்ததும், "அப்பா நலம்" என்று துபாயில் இருந்த மகனுக்குச் செய்தி அனுப்புவேன். சில நாள் நேரமாகும். போன் செய்தால், "வயல்ல நடவு நடக்குதுப்பா. உனக்கு வேற சோலி இல்லையா?" என்று சிரிப்பார்.

தொல்லை வேண்டாமென்று, விளக்கு மாலையில் தானாக எரிந்து காலையில் அணையும்படி மாற்றிவிட்டேன். செய்தியை மட்டும் பழக்கத்தில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் உழவு பற்றிக் கேட்க வந்த டிராக்டர்காரர், இடுப்பு முறிந்து கூடத்தில் கிடந்தவரைப் பார்த்திருக்கிறார். விழுந்து மூன்றாம் நாள் அது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவர் திட்டவில்லை.

"விழுந்தன்னிக்கு வாசல்ல லைட்டு எரிஞ்சுச்சுப்பா. யாரோ வந்துட்டாங்கன்னு கத்தினேன். மறுநாளும் எரிஞ்சுச்சு. மறுபடியும் கத்தினேன்."

நான்தான் என்று சொல்லவில்லை. வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது பேராவூரணியில் தேங்காய் உரிக்கிறேன். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தாலும் கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்கிறேன். பதில் வரும்வரை அங்கேயே நிற்கிறேன்.