சிமென்ட் ஊற்றாத துளை

அந்த நகரத்தில் எல்லோரும் அவரைப் போர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கடைத்தெருவில் யாராவது, "இன்னைக்கு யார் மேல போர்?" என்று சீண்டினால், "தரை மேலதான், வேற யாரு இருக்கா" என்பார் சளைக்காமல். முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கிணறு போடும் பெரிய வண்டியை விட்டுவிட்டு, மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். சின்ன இயந்திரம், கையகலத் துளை. உள்ளே இருந்து வரும் மண்ணையும் நீரையும் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு நாள் அவர் அக்கா குடியிருக்கும் தெருவிலேயே வேலை வந்தது.

தெருமுனையில் ஒரு பெட்ரோல் பங்க். சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய இரண்டு பேர் பெட்ரோல் நெடியில் மயங்கி விழுந்த பிறகுதான், பங்க்கின் நிலத்தடித் தொட்டி துருப்பிடித்துப் பல வருடங்களாகக் கசிகிறது என்று தெரிந்தது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நிறுவனத்தின் வேலை. அதை நடத்தியவர் நிலவியல் படித்த ஒரு பெண். அதிர்ந்து பேசமாட்டார். எதையும் இரண்டு தடவை அளப்பார்.

முதல் வாரம் பன்னிரண்டு துளை போட்டார்கள். இருபது அடியில் மண் சாம்பல் நிறத்தில், கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. நெடி தொண்டை வரை இறங்கியது. அதற்குக் கீழே முப்பத்தைந்தாவது அடியில் கனமான களிமண் அடுக்கு. அதை வெட்டிப் பார்த்தால் நடுவில் சுத்தமாக இருந்தது. களிமண் தடுத்துவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் நிம்மதி. தெருவில் எல்லோரும் குடிப்பது நூற்றைம்பது அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்.

வீட்டுக் கிணறுகளில் எடுத்த ஆழத் தண்ணீரின் சோதனை முடிவு பத்து நாள் கழித்து வந்தது. ஒன்பது வீட்டுத் தண்ணீரில் பெட்ரோல் கரைந்திருந்தது. எல்லாவற்றையும்விட அதிகம், அக்கா வீட்டில்.

"களிமண் எங்கயும் உடையல. அப்புறம் எப்படிண்ணே கீழ இறங்குச்சு?" என்று அந்தப் பெண் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார். போர்க்காரர் தெரியவில்லை என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டுப் பின்கட்டில் அந்த ஆழ்துளைக் கிணற்றைப் போட்டவர் அவர்தான். குழாயை இறக்கிய பிறகு, அதைச் சுற்றியிருக்கும் இடைவெளியில் சிமென்ட் கரைத்து ஊற்றி அடைக்க வேண்டும். இல்லையென்றால் மேலே உள்ளது எதுவானாலும் குழாயை ஒட்டியே கீழே இறங்கி, எல்லோரும் குடிக்கிற ஆழத் தண்ணீரில் கலந்துவிடும். அன்று மழை பிடித்துக்கொண்டது. வண்டிக்கு அடுத்த நாள் வேறு ஊரில் வேலை. அக்கா வீடுதானே, அப்புறம் வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார். அந்த அப்புறம் வரவேயில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் தண்ணீரில் ஏதோ வாடை வருகிறது என்று அக்கா சொன்னதுகூட இப்போது அவருக்கு நினைவு வந்தது. மோட்டார் எண்ணெயாக இருக்கும், இரண்டு நாள் இறைத்துவிட்டால் போய்விடும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அடுத்த வருடம் அத்தானுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஏழு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. மண்ணுக்குள் நூறு அடியில் சிமென்ட் இருக்கிறதா என்று யார் போய்ப் பார்ப்பது? சோறு இறங்கவில்லை. மனைவி முதுகுவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை, இயந்திரத்தைக் கிளப்பும் முன், அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"இதை நான் அறிக்கையில எழுதணும்ண்ணே."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுங்க, அக்காகிட்ட நானே சொல்லிடறேன்."

அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். அவள் முதலில் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"உன் அத்தான் அதனாலதான் போனாரா?"

"டாக்டராலகூட அத உறுதியாச் சொல்ல முடியாதாம்க்கா."

"நான் டாக்டரைக் கேக்கல."

அக்கா முற்றத்துக்குப் போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

பங்க் கசிவைப் பற்றி நடந்த விசாரணைக் கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசமானது. பங்க் முதலாளியின் வக்கீல் அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். தொட்டி கசிந்தது உண்மை, ஆனால் குடிதண்ணீரைக் கெடுத்தது இந்தத் துளைதான் என்று வாதாடினார். தெருக்காரர்கள் போர்க்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருமே அவரைப் பத்து இருபது வருடமாக அறிந்தவர்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா, நம்ம பக்கத்தையே கவிழ்த்துவிட்டாரே என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். கடைசியில் பங்க்கை மூடினார்கள், மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், நீரை இறைத்துச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்தார்கள். அது பதினைந்து வருடமாவது ஓட வேண்டுமாம். அதுவரை தெருவுக்கு லாரித் தண்ணீர்தான்.

அக்கா வீட்டுத் துளையை அடைக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். குழாயை உருவி எடுத்துவிட்டு, அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் கரைசலைச் செலுத்தினார். ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அக்கா வெளியே வரவில்லை. அடுத்த வாரம் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டை வாங்க ஆளில்லை, வாடகைக்கும் யாரும் வரவில்லை. நீர் சுத்தமாகிறதா என்று பார்க்க அந்தத் தெருவில் விட்டுவைத்திருந்த கண்காணிப்புத் துளைகளில் மாதம் ஒரு தடவை நீர் எடுக்கப் போகும்போது, வாசலில் சேர்ந்திருக்கும் சருகை அவர் கூட்டித் தள்ளிவிட்டு வருவார்.

எட்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "இங்கயும் போர் தண்ணிதான். பேத்தி குடிக்கிறா. வந்து எடுத்துப் பாரு" என்றாள். அன்றைக்கே புட்டிகளோடு பஸ் ஏறினார். கதவைத் திறந்தது அக்காவின் மகள். அக்கா உள்ளறையிலேயே இருந்துவிட்டாள். முடிவு வந்த அன்று ஆசையோடு அக்காவைப் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, தண்ணி நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல. தாராளமாக் குடிக்கலாம்."

"நீ சொல்றது வேண்டாம். சோதனைக்கூடத்துல குடுத்த காகிதம் இருக்கும்ல, அத அனுப்பு."

அனுப்பினார்.