பாட்டிலில் பெய்த மழை

முயலுக்குக் காது ஒட்டியிருக்கிறீர்களா? நான் ஒட்டியிருக்கிறேன். ஒரு ஹால் நிறைய முயல்களுக்கு! பங்குனி பிறந்த முதல் சனிக்கிழமை அது. விரலில் ஒட்டிய பசை போக தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் இரண்டும் தேவைப்பட்டன.

காரணம் மாலதி. ஏற்காடு பஜாருக்குப் பின்னால், எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்கு கிராஃப்ட் கிளாஸ் நடத்துகிறாள். உதவிக்கு இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "நீ சும்மாதானே இருக்கே, வாயேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளைப் பார்த்தால் ஊருக்கே அப்படித்தான் தோன்றுகிறது, என் வீட்டுக்காரர் உட்பட.

எனக்கு 'ஆக்டிவிட்டி' என்ற சொல்லே ஆகாது. ஜிகினாத் தூள் என்றால் தும்மல். ஆனாலும் போனேன்... மாலதி வீட்டு ஃபில்டர் காபிக்காகத்தான்.

அன்றைய பாடம், வசந்த காலம். இன்டர்நெட்டிலிருந்து மாலதி பிரின்ட் எடுத்து வைத்திருந்தாள். பனி உருகுகிறது, பெயர் தெரியாத பூ முளைக்கிறது, கூடைக்குப் பக்கத்தில் முயல் சிரிக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, கலர் அடிக்க வேண்டும்.

பாதி முயல் முடிந்தபோது தர்ஷினி கையைத் தூக்கினாள். மாரமங்கலத்துப் பிள்ளை, எட்டு வயது. அப்பா வெள்ளையனுக்கு அங்கே சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் தோட்டத்தைக் 'காடு' என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை பஜாருக்கு வரும்போது மகளையும் பஸ்ஸில் கூட்டி வந்து விடுவார்.

"டீச்சர், ஐஸு உருகுனா எதுக்குங்க முயலு வருது?"

மாலதி என்னைப் பார்த்தாள். நான் முயலைப் பார்த்தேன். அது எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தது.

"சரி, முயலை விடுங்க. நம்ம ஊர்ல பங்குனி வந்தா என்ன வரும்?" என்று கேட்டாள் மாலதி.

"பூ மழைங்க!"

ஹாலே கத்தியது. கேட்டிருக்கவே வேண்டாம். இந்த மாதத்தில் சேர்வராயன் மலையில் இரண்டு பேர் சந்தித்தால் "சாப்டாச்சுங்களா?"கூட இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "உங்க பக்கம் மழைங்களா?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காபிச் செடி மாதக்கணக்கில் காய்ந்து, கணுவுக்குக் கணு மொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு நல்ல மழை போதும். ஒன்பது பத்து நாளில் காடு முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அரைகுறையாகத் தூறிவிட்டுப் போனால்தான் ஆபத்து. மொட்டு விழித்துக்கொள்ளும், தண்ணீர் பத்தாது, கருகிவிடும். அந்த வருஷத்து வெள்ளாமை அதோடு போயிற்று. அப்படித் தூறிய இரண்டு மூன்று நாளுக்குள் மோட்டாரும் பைப்பும் வைத்துத் தண்ணீர் தெளித்தால் தப்பிக்கலாம்.

அந்த நிமிஷமே முயல்களுக்கு விடுமுறை. அன்றைக்கு மழைமானி செய்தோம். பழைய தண்ணீர் பாட்டில் ஒன்று. கழுத்தை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். அடியில் கூழாங்கல், பக்கத்தில் அளவு போட்ட காகிதம், மேலே செலோடேப். இங்கே மழைக்கு அளவு சென்ட். நூறு சென்ட் ஓர் இஞ்ச். எஸ்டேட்காரர்கள் ஆரம்பித்த கணக்கு, மலை முழுக்க அதுதான் செல்லுபடி. ஓர் இஞ்ச் பெய்தால் பூவுக்குக் கவலையில்லை.

ஒருவன் பாட்டிலுக்கு மீசை வரைந்தான். தர்ஷினி பாட்டிலுக்குப் பொட்டு வைத்தாள். ஜிகினாவே இல்லாத கிராஃப்ட் கிளாஸ்... எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

மழை பெய்த மறுநாள் காலையில் பாட்டிலை போட்டோ எடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்று மாலதி சொல்லி அனுப்பினாள். எங்கள் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை இரவு மழை வந்தது. வெள்ளி காலை குரூப் திறந்தால், முதல் போட்டோ ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக இருக்கும் சுந்தரம் போட்டது. அவருக்கு மாரமங்கலத்துப் பக்கம் சொந்தமாகவும் கொஞ்சம் காடு உண்டு. 'எங்க காட்டுல எண்பது சென்ட்!' கூடவே கும்பிடும் கைகள் ஆறு.

அடுத்தவருக்கு எழுபத்தைந்து. அதற்கடுத்தவருக்கு எண்பத்தைந்து. எங்கள் தெருவில் துணி காயப்போட்டிருந்த கொடியே சரியாக நனையவில்லை! "இதென்னடி கதை?" என்று மாலதியைக் கேட்டேன். அவளும் அதையே குரூப்பில் நாசூக்காகக் கேட்டாள். 'மலையில அப்படித்தானுங்க மேடம், ஊட்டுக்கு ஊடு மாறும்' என்று பதில் வந்தது.

பிள்ளைகளின் ப்ராஜெக்டைப் பெற்றோர் செய்வது ஊரறிந்த விஷயம். எல்.கே.ஜி. குழந்தை கொண்டுவரும் தாஜ்மகாலில் விளக்கு எரியும், ஃபவுண்டன்கூட ஓடும். அதே கைகள் இப்போது மழையைப் பிடித்துக்கொண்டன. மார்க்கோ மழையோ, பக்கத்து வீட்டைவிட ஒரு சென்டாவது கூட வேண்டாமா?

கடைசியாக தர்ஷினியின் பாட்டில் வந்தது. அம்மாவின் போனிலிருந்து அவளே அனுப்பியிருந்தாள். முழுசாக ஓர் இஞ்ச்!

சனிக்கிழமை கிளாஸில் அவரவர் மழை அளவுக்கு நீலக் காகிதத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினோம். தர்ஷினியின் பட்டைதான் நீளம். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

மதியம் பெற்றோர்கள் அழைத்துப் போக வந்தார்கள். வெள்ளையன் வாசலில் செருப்பைக் கழற்றியதும், நான்தான் ஆரம்பித்தேன்.

"என்னங்க, ஒரு இஞ்ச்சாமே! இனி உங்களுக்கென்ன கவலை?"

"ஆமாங்க. அன்னிக்கு நான் ஊர்ல இல்லீங்க. குப்பனூர்ல அக்கா ஊர்க் கோயில் நோம்பிக்குப் போயிட்டேன். நேத்து வந்து மண்ணைக் கிளறுனா முக்கா விரலு ஆழந்தான் நனைஞ்சிருக்குது. சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு. ஆனா பாப்பா பாட்டிலு இஞ்ச்சுங்குது, அவங்கம்மாளும் கூரைத் தகரத்துல நொம்ப சத்தம் கேட்டுச்சுங்கறா. படிச்ச புள்ள செஞ்ச மிசினு பொய் சொல்லுமுங்களா? அதான் நாளைக்குச் சொல்லி வெச்சிருந்த மோட்டாரு வேண்டாம்னு காலையிலேயே சொல்லிப்போட்டேனுங்க."

அவர் பெருமையாகச் சிரித்தார். மகள் அழ ஆரம்பித்தாள்.

தேம்பலுக்கு நடுவே விஷயம் வெளியே வந்தது. பாட்டிலில் இருந்தது இருபது சென்ட்தான். மீதி, அவள் சொம்பில் ஊற்றியது.

"ஏன் கண்ணு?" என்றார் வெள்ளையன்.

"குரூப்புல எல்லார்த்து காட்டுலயும் பேஞ்சிருக்குதுங்கப்பா. நம்ம காட்டுல மட்டும் பேயலீன்னா... நீ நோம்பியில இருந்து வந்ததும் பார்த்து வருத்தப்படுவீன்னு..."

நாம் காலையில் காபி குடித்துக்கொண்டே அடித்துவிட்ட எண்பதும் எண்பத்தைந்தும் ஒரு குழந்தை மனதில் போய் உட்கார்ந்து இவ்வளவு வேலை செய்திருக்கிறதே!

வெள்ளையன் திட்டுவார் என்று பயந்தேன். அவர் மகளின் தலையில் கை வைத்து, "ஏன் சாமி, அந்தச் சொம்பைக் காட்டுல ஊத்தியிருந்தா நாலு மொட்டாவது பொழைச்சிருக்குமல்ல?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார். ஆனால் உடனே போனை எடுத்தார்.

அவர் போனில் காதில் வைத்துப் பேசும் பாகம் போய் ரொம்ப நாளாகிறது. எப்போதும் ஸ்பீக்கர்தான். மோட்டாரும் பைப்பும் வாடகைக்கு விடும் கந்தசாமி எடுத்தார்.

"அண்ணா, வெள்ளையனுங்க. காலையில மோட்டாரு வேண்டாம்னனே... வேணுமுங்க."

"அட போப்பா! உன் முறையை ரைட்டர் சுந்தரத்துக்குக் குடுத்தாச்சு. பைப்பு ஜீப்புல ஏறியாச்சு."

"ரைட்டருக்குங்களா? அவருக்கு எண்பது சென்ட் பேஞ்சுதாமே?"

"எண்பதா? மண்ணே நனையலீன்னு நேத்துல இருந்து போன் மேல போன் பண்றாரப்பா! அவுரு மட்டுமா? உங்க பாட்டில் கிளாஸ்காரங்க அத்தனை பேரும் வரிசையில நிக்கிறாங்க. ஒருத்தர் காட்டுலயும் மழையைக் காணோம். உனக்கு இனி செவ்வாக்கிழமைதான்."

வாசலில் நின்ற பெற்றோர்கள் எல்லோருக்கும் திடீரென்று பிள்ளைகளின் பையில் ஏதோ தேட வேண்டியிருந்தது. சுந்தரமும் அங்கேதான் நின்றார், மகனின் ஷூவைக் கையில் பிடித்தபடி.

"செவ்வாக்கிழமை வரைக்கும் மொட்டு தாங்காதே" என்றார் வெள்ளையன், யாரையும் பார்க்காமல்.

மாலதி தேன் தடவிய குரலில் கேட்டாள், "ரைட்டர் சார், எண்பது சென்டுக்கு மேல மோட்டாரும் போட்டா செடி அழுகிடாதா?"

சுந்தரம் சுவரில் இருந்த தன் மகனின் நீலப் பட்டையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். "அது வந்துங்க மேடம்... நம்ம பாட்டிலு கொஞ்சம் சாஞ்சாப்புல நின்னிருக்கும்" என்றார். முதலில் சிரித்தது அவர் மகன்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். பாவம், அவரும் சிரித்தார்.

சிரித்துவிட்டு வெள்ளையனின் போனை வாங்கினார். "கந்தசாமி, நான் ரைட்டரு பேசறேன். நாளைக்கு வெள்ளையன் காட்டுல போட்டுரு. எனக்கு மறுநாள் ராத்திரி ஓட்டுனா போதும்."

"உங்களுக்கும் மொட்டு நிக்குதேங்க சார்?" என்றார் வெள்ளையன்.

"ஒரு நாள் தாங்குமுங்க. நீங்க மொதல்ல பாருங்க."

பெருந்தன்மையா, எண்பது சென்ட் மானமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் பாய்வது தண்ணீர்தானே. அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போயிற்று.

தர்ஷினி மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோல் கேட்டாள். சுவரில் இருந்த தன் பட்டையை இருபது சென்ட் அளவுக்கு நறுக்கினாள். அவள் பின்னால் மீசை பாட்டில்காரன் வந்து நின்றான். "எனக்குங்க டீச்சர்... எங்களுதும் வெட்டோணும்." அப்புறம் ரைட்டர் மகன். அப்புறம் ஒரு வரிசையே நின்றது. பிள்ளைகளுக்கு முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது!

சுவரில் கடைசியில் மிஞ்சியது குட்டிக் குட்டி நீலத் துண்டுகள். மாலதி நடத்திய கிளாஸ்களிலேயே உருப்படியான கிளாஸ் அதுதான் என்பேன். இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் மாரமங்கலத்தில் வெள்ளையன் காட்டில் ஓடியது. திங்கட்கிழமை ராத்திரி சுந்தரத்தின் காட்டில். மற்றவர்களுக்கும் முறை வந்தது. குரூப்பில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. குட்மார்னிங் ரோஜாப் பூக்கள்கூட வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். வெள்ளையன். அந்தக் குரூப்பில் அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. "எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம காட்டுல பூ வந்திருச்சு. ரைட்டர் சார் காட்டுலயும் நாளைக்கு விரிஞ்சுருமுங்க. புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, மூணு நாள்தான் நிக்கும். பூவைத் தொட மட்டும் வேண்டாமுங்க, ஒவ்வொண்ணும் ஒரு காயி."

போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. கிளை கிளையாக வெள்ளை, அதற்குமேல் தேனீக்களின் ரீங்காரம். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். தர்ஷினி முன்னால் நடந்து வழிகாட்டினாள். வெள்ளையன் காட்டு ஓரத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். காபிக்காரர் வீட்டில் சுக்குக் காபி! கேட்டால், "காப்பிக்கொட்டை விக்கறதுக்குங்க" என்று சிரிக்கிறார்.

அத்தனை பெற்றோரும் வந்திருந்தார்கள். எத்தனை சென்ட் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.