அக்கா கைக்கு ஒரு கிளிப்பு

"வளைடா சனியனே, உன்னை யாரு இங்க நெளியச் சொன்னது?" என்று திட்டிக்கொண்டேதான் அவள் கம்பியைப் பலகையில் ஏற்றுவாள். தடித்த மரப்பலகை அது. அதில் கண்டபடி அடித்தாற்போல் ஆணிகள் நிற்கும். எந்த ஆணியைச் சுற்றி எந்தப் பக்கம் இழுத்தால் துணி மாட்டும் ஹேங்கர் வரும், எந்த ஆணியில் மூன்று சுற்றுச் சுற்றினால் எலிப்பொறிக்குச் சுருள் வரும் என்பது அவள் கைக்குத்தான் தெரியும். திட்டாமல் வளைத்த கம்பி ஒழுங்காக நிற்காது என்பது அவள் கட்சி. ஆகவே காலையில் கடை திறந்ததிலிருந்து வசவுதான். புதிதாக வருகிற வாடிக்கையாளர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இரண்டடி பின்னால் போய்விடுவார்.

தெருவில் அவளுக்குக் குறடு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு எப்போதோ தெரியும். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைகூட. திறக்காத பாட்டில், துருப்பிடித்த திருகு, மாட்டிக்கொண்ட மோதிரம் எல்லாம் அவளிடம்தான் வரும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகுவாள், அவ்வளவுதான். திறந்து கொடுத்த கையோடு "இதுக்கெல்லாமா வருவீங்க, வெட்கமா இல்லை?" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. "என் கம்பி புடிச்சா விடாது." அவள் செய்த துணிக் கிளிப்பு இறுக்கமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது என்று ஒரு பெண்மணி திருப்பிக் கொண்டுவந்தாள். "உங்களுக்குத் துணி காயணுமா, பறக்கணுமா?" என்று கேட்டு அதே கிளிப்பைத் திரும்பக் கையில் திணித்து அனுப்பினாள் குறடு. இறுக்கம்தான் அவளுக்கு நேர்மை. தளர்வாக இருக்கிற பொருள் எதுவும் அவளைப் பொறுத்தவரை ஏமாற்று வேலை.

முன்னறை பட்டறை. பின்னறையில் அக்கா. அக்கா தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அளந்த பேச்சு, தணிந்த குரல். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூட்டுவாதத்தில் அக்காவின் விரல்கள் பத்தும் கோணிப்போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அது போதாதென்று முதுகில் ஓர் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு சிறுநீர்ப்பை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவர் ஒரு ரப்பர் குழாயை வைத்து அனுப்பிவிட்டார். பகலில் குழாயின் நுனியை மூடி வைத்திருக்க வேண்டும். அவ்வப்போது கழிவறையில் உட்கார்ந்து திறந்துவிட்டு, மறுபடி மூட வேண்டும்.

மூடுவதற்கென்று மருந்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு கொடுத்தார்கள். மூடும்போது டக்கென்று மூடும். திறக்க வேண்டுமானால் நகத்தைக் கொடுத்து நெம்ப வேண்டும். அக்காவுக்கு அது நடக்கிற காரியமா? ஆகவே ஒவ்வொரு தடவையும் குறடு போக வேண்டியதாயிற்று. கழிவறைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். அக்கா உள்ளே போய் உட்காருவாள், கூப்பிடமாட்டாள். பிளாஸ்டிக் குவளையால் சுவரில் மெதுவாக ஒரு தட்டு. குறடு கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். கிளிப்பைத் திறந்து, காத்திருந்து, மூடிவிட்டு வருவாள். அந்த நேரம் முழுவதும் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளாடையைக்கூடத் தங்கை கண்ணில் படாமல் காயப்போட்டவள் அவள்.

அதனால் அக்கா ஒரு காரியம் செய்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. குறடு வைத்துவிட்டுப் போகிற தண்ணீரை ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றினாள். குடிக்காவிட்டால் திறக்க வேண்டாம். திறக்காவிட்டால் யாரும் வர வேண்டாம். இது வெளிச்சத்துக்கு வந்ததே அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான். தண்ணீர் குடிக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், சிறுநீரகம் கெட்டுப்போகும், இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் பொறுப்பில்லை என்று அவர் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். குறடு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் காய்ச்சல்காரியைத் திட்ட முடியுமா? நேரே மருந்துக் கடைக்குப் போனாள். கிளிப்பைக் கண்ணாடி மேசையில் போட்டு, "இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது இதை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பானா?" என்று ஆரம்பித்தாள். கடைக்காரர் தங்களுக்கு அந்த ஒரு வகைதான் வருகிறது என்றார். "அவன் ஆத்தாளுக்கு மாட்டச் சொல்லுங்க, அப்புறம் ரெண்டு வகை வரும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மருந்து வாங்க வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்து நின்றார்கள்.

அன்றைக்கே பலகையில் ஆணிகளைப் பிடுங்கி மாற்றி அடித்தாள். எஃகுக் கம்பியில் ஒரே துண்டு. நடுவில் ஒரு வளையம், அதுதான் ஸ்பிரிங். வளையத்திலிருந்து புறப்படும் இரண்டு கால்களும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டி, குழாயை இரண்டு பக்கமும் நேராக நசுக்கிப் பிடிக்கும். கால்களின் நுனியில் விரல் வைக்க இரண்டு காது. காதுகளைச் சேர்த்து அழுத்தினால் குழாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். நகம் வேண்டாம், நெம்ப வேண்டாம். குழாய் வெட்டுப்படாமல் இருக்கக் கம்பிக்கு மெல்லிய ரப்பர் உறை போட்டாள். குழாய் மாற்ற வருகிற நர்சம்மாவிடம் காட்டினாள். தினமும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்றும் ஆகாது, நன்றாகவே இருக்கிறது என்றார் அவர்.

குறடு தன் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். "பூ மாதிரி இருக்கு" என்று அக்காவிடம் நீட்டினாள்.

அக்காவால் அசைக்க முடியவில்லை. குறடு கம்பியைத் திட்டினாள், மெல்லிய கம்பியில் இன்னொன்று செய்தாள். தன் விரலால் அழுத்தினாள், பூ மாதிரி இருந்தது, நீட்டினாள். அதுவும் அசையவில்லை. வளையத்தைப் பெரிதாக்கினாள், காதை அகலமாக்கினாள், மறுபடியும் பூ. மேசை மேல் கிளிப்புகள் சேர்ந்துகொண்டே போயின. ஹேங்கர் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நாளைக்கு வா என்ற பதில்தான். அக்கா ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து, உதட்டைக் கடித்து, முயன்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். தண்ணீர் குடிக்கச் சொல்லிக் குறடு பக்கத்திலேயே நின்றாள். அக்கா அவள் நிற்கிற வரைக்கும் குடித்தாள்.

கடைசியில் ஒரு கிளிப்பு திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தன் கர்வத்தையெல்லாம் விட்டுக்கொடுத்துக் குறடு செய்த சன்னக் கம்பிக் கிளிப்பு. அக்கா திறந்தாள், மூடினாள், முகம் மலர்ந்தது. பழைய அலுவலகத் தோழி ஒருத்தி பல நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய்வரலாம் என்று அக்காவே சொன்னாள். இருவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார்கள். தோழி வீட்டில் வெளிர்நிறச் சோபா. அக்கா அந்தக் காலத்தில் நள்ளிரவு அழைப்புகளில் கேட்ட வேடிக்கைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே கொஞ்சம் முன்னால் குனிந்தாள். சன்னக் கம்பி விட்டுக்கொடுத்துவிட்டது.

சோபாவில் ஈரம் படர்ந்ததைத் தோழிதான் முதலில் பார்த்தாள். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று எழுந்தாள்.

"பரவாயில்லையான்னு உங்களை யாராவது கேட்டாங்களா?" என்று சீறினாள் குறடு. பாவம், அந்த அம்மாள் என்ன தப்புச் செய்தாள்? ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கையருகில் கிடைத்தவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் குறடு அக்காவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தடித்த கம்பியில் செய்ததையே மனசு வைத்து அழுத்தியிருந்தால் திறந்திருக்கும், அழுத்தவே மாட்டேன் என்கிறாய், முயற்சி வேண்டாமா, உனக்காகத் தொழிலைப் போட்டுவிட்டு மாய்கிறேன், நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். சன்னக் கம்பி அவள் கர்வத்தின் மேல் பெய்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. அந்த வலியையும் சேர்த்து அக்கா தலையில் கொட்டினாள்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. இணைப்பகத்தில் பேசிய அதே குரல்தான்.

"ஒவ்வொரு தடவையும் நீ உன் விரலால அழுத்திப் பார்க்குற. பூ மாதிரி இருக்குங்குற. உன் விரலுக்கு இரும்பே பூதான்டி. என் கையை நீ ஒரு தடவையாவது பார்த்தியா? எனக்கு விரலே இல்லைன்னு வச்சுக்கிட்டு செய். முடியாதுன்னா விட்டுடு. முயற்சி பண்ணலைன்னு மட்டும் சொல்லாதே."

கைகள் இரண்டையும் மேசை மேல் வைத்தாள். குறடு அந்தக் கைகளைப் பிடித்து எத்தனையோ முறை நடத்திக் கூட்டிப் போயிருக்கிறாள். பார்த்ததில்லை. கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் மடிந்து கிடந்தது. ஆள்காட்டி விரல் அதைத் தொடவே தொடாது. சேர்த்துப் பிடிக்க முடியாத இரண்டு விரல்களிடம் போய், அழுத்து அழுத்து என்று இத்தனை நாளாய்க் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

குறடு பட்டறைக்குப் போனாள். எண்ணெய்த் துணியைக் கிழித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, இரண்டு கையையும் பொட்டலம் மாதிரிச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். மேசை மேல் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்கவே முடியவில்லை. எடுத்ததும் நழுவியது. நழுவாததைத் திறக்க முடியவில்லை. "முண்டமே, முண்டமே" என்று திட்டினாள். அது கம்பிக்கு இல்லை.

மறுநாள் பட்டறையைத் திறக்கவில்லை. அக்கா பின்னாலேயே திரிந்தாள். என்னடி, உளவு பார்க்கிறாயா என்று அக்கா கேட்டதற்கு, ஆமாம், உன் வேலையைப் பார் என்றாள். அக்கா சமையலறைத் தண்ணீர்க் குழாயை மணிக்கட்டால் தள்ளித் திறந்தாள். இழுப்பறையை இடுப்பால் மூடினாள். விளக்கை முழங்கையால் போட்டாள். ஜன்னல் கொக்கியை உள்ளங்கையின் அடிமேட்டால் ஒரு தட்டுத் தட்டி நீக்கினாள். விரலை எங்கேயும் நம்பவில்லை. உடம்பின் கனத்தை வைத்தே காரியம் நடந்துகொண்டிருந்தது, இந்த வீட்டில், தன் கண்ணெதிரே, சில வருடங்களாக. குறடு தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டாள்.

அப்புறம் செய்த கிளிப்பு கிளிப்பு மாதிரியே இல்லை. பிடிக்கிற இடத்தில் முதலில் போட்ட தடித்த எஃகுக் கம்பி. அதில் அவள் இனி விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் காதுகள் இருந்த இடத்தில் இரண்டு நீளக் கைகள். ஒன்று தொடை மேல் படிந்து கிடக்கும் அகலமான வளைவு. மற்றொன்று உள்ளங்கையின் அடிமேடு பதிகிற அளவுக்கு ஓர் உருண்டை வளைவு. கை நீளமாக இருந்ததால் மேலே கையை வைத்துச் சாய்ந்தாலே போதும். வெளியே போகும்போது இடிக்காமல் இருக்க நீளக் கைகள் வளையத்தடியில் மடங்கிக்கொள்ளும்படி செய்தாள். பொட்டலம் கட்டிய கையால் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். தண்ணீர் நிரப்பிய ஒரு ரப்பர் குழாயில் மாட்டி, மேலே கனத்தை வைத்துக் குலுக்கினாள். ஒரு சொட்டு கசியவில்லை.

"பூ மாதிரி" என்று இந்தத் தடவை சொல்லவில்லை. மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிளிப்பா இது? அகப்பைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றாள். அழகுக்குக் கட்டிக்கொள்ளவா செய்தேன் என்று பட்டறையிலிருந்தே குரல் போயிற்று.

அன்று மத்தியானம் குறடு எலிப்பொறிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுகிறாளே தவிர காது பின்கட்டில் இருந்தது. அக்கா நடந்து போனது கேட்டது. குவளையால் சுவரில் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்தாள். கிழவி மறுபடி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் வாய் தேய்ந்துவிடுமா என்று கோபம் பொங்கியது. கம்பித் துண்டு குத்தாமல் இருக்கப் போடுகிற தடித்த செருப்பு தரையதிர, விடுவிடுவென்று போய், வழக்கம்போல் கதவை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தள்ளிய கை கதவின் மேலேயே நின்றது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு கம்பி மூடிக்கொள்ளும் சின்னச் சத்தம். குறடு கதவிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். ஒற்றைக் காலில் நின்று ஒரு செருப்பைக் கழற்றினாள், அப்புறம் இன்னொன்றை. இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, வந்து போன சத்தம் தெரியாமல், வெறுங்காலால் பூனைபோல் பட்டறைக்குத் திரும்பினாள்.