சுல்தானின் அங்கியும் என் பொன்னாடையும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. விழாக்களுக்குப் பல வருடமாகச் சமைத்ததற்காம். அடுப்படியில் நிற்பவனுக்கு மேடை எதற்கு? சனிக்கிழமை விழாவன்று காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அதற்கு முந்திய ஞாயிறு, மனைவியோடு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரர் நுழைவுச்சீட்டுத் தந்திருந்தார். உஸ்மானிய சுல்தான்களின் உடைகள். ஓர் அங்கியின் கைகள் நிலம்வரை தொங்கின. அவை அழகுக்கு மட்டுமாம். தோளருகே உள்ள வெட்டு வழியாகக் கையை வெளியே விடுவார்களாம்.

"உந்த அங்கியைப் போட்டுக்கொண்டு எப்பிடியப்பா நடக்கிறது?" என்றாள் மனைவி.

அடுத்தது தூதர்களுக்குப் பரிசாகக் கொடுத்த அங்கி. தூதர் தன் உடுப்புக்கு மேலே அதைப் போட்டுக்கொள்வார். இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்து அவரைச் சுல்தான் முன்னால் கூட்டிப்போவார்கள். ஜெர்மன் விளக்கத்தை நான் மெல்ல வாசித்துச் சொன்னதும் அவள் சிரித்தாள்.

"பாருங்கோ, அங்கையும் பொன்னாடைதான். அந்த மனுசரும் காய்ச்சல் எண்டு படுத்தவையோ?"

என் திட்டம் அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மஞ்சள் பட்டு நூலின் மேல், பொன் பூசிய வெள்ளி நாடாவைச் சுற்றித்தான் அந்த அங்கியின் சரிகையைச் செய்தார்களாம். கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தும் உள்ளே இருந்த நூல் தெரியவில்லை. காவலரிடம் கேட்கக் கூச்சம். நம்முடைய சரிகைக்குள் என்ன இருக்கும்? வீடு வந்தும் அதே யோசனை. அலுமாரியைத் திறந்தேன்.

"என்ர கூறைச்சேலையில கை வைச்சியளோ, தெரியும்!"

சரிகைக்குள் என்ன என்ற அந்தக் கேள்விதான் சனிக்கிழமை என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனது. ஆனாலும் மேடைப்படியில் கால் நின்றுவிட்டது. சங்கத்தார் இருவர் வந்து ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள்.

"இனி ஓட ஏலாதண்ணை!"

தூதரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பொன்னாடை தோளில் விழுந்தது. அதன் கரையில் ஒரு சரிகை இழை பிரிந்து நின்றது. மெல்ல இழுத்துக் கண்ணருகே பிடித்தேன். உள்ளே வெள்ளை நைலோன் நூல். மேலே மினுங்கும் பிளாஸ்டிக். நிமிர்ந்தபோது கைதட்டல் முடிந்திருந்தது.

மேடையில் எடுத்த படத்தில் எல்லோரும் கமராவைப் பார்க்கிறார்கள். நான் நூலைப் பார்க்கிறேன்.

"கடையில துணி வாங்க வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்" என்கிறாள் மனைவி. படத்தை அவள்தான் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள்.