ஒழுகுகிற கூரைக்கு ஒரு பண்டிகை

எங்கள் கீழ்வீட்டு யூதர் மோஷேக்கு மூன்று அறை, சூடாக்கி, குளியல் தொட்டி எல்லாம் உண்டு. ஆனாலும் இலை பழுக்கத் தொடங்கினால் மனுசன் பின்வளவில் பலகை அடித்து ஒரு கொட்டில் போட்டுவிடுவார். கூரைக்குப் பச்சைக் கிளைகள், அதுவும் வானம் தெரிகிற மாதிரி ஐதாக. பண்டிகை முடியுமட்டும் அதற்குள்தான் சாப்பாடு. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். இது நல்ல வளை இருக்க, வெளியே போய் ஓட்டை வளை தோண்டுகிற எலி.

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்கிற இந்தப் பனிநாட்டுப் பேட்டைக்கு நாங்கள் குடிவந்த புதிதில் காரணம் கேட்டேன். எகிப்திலிருந்து தப்பிய முன்னோர் நாற்பது வருடம் பாலைவனத்தில் இப்படித்தான் இருந்தார்களாம். அதற்கும் முந்தி, திராட்சை பறிக்கிற காலத்தில் தோட்டக்காரர் போட்ட காவற்கொட்டிலில் தொடங்கிய வழக்கம் என்பாரும் உண்டாம். மன்னாரில் எங்கள் மாதா கோயிலிலும் வேதாகமத்திலிருந்து இந்தக் கூடாரப் பண்டிகை பற்றி வாசித்திருப்பார்கள். நான் யாருடைய சேலை புதிது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். சண்டைக்குத் தப்பி அகதி முகாமில் நாங்களும்தான் கொட்டிலில் கிடந்தோம். அவர்கள் அலைந்ததைத் திருநாளாக்கிவிட்டார்கள். நாங்கள் அதைப் பெற்ற பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வதில்லை.

போன வருடம் பண்டிகையின் முதல் மாலை. மோஷே குடும்பம் ஜெபக்கூடத்துக்குப் போயிருந்தது. மழைக்கு வானம் கறுத்தது. என் கணவர் சன்னலால் எட்டிப் பார்த்தார்.

"பாவமடி மனுசன். கூரை வலைக்கண் மாதிரிக் கிடக்கு."

முகாமில் எவர் கொட்டில் ஒழுகினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தறப்பாளோடு இறங்கி, மழை புகாமல் கூரையை அதால் மூடி, புயலுக்கும் அசையாத முடிச்சுகளாகப் போட்டுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்த மோஷேக்கு முகம் வெளிறிவிட்டது. "இன்றைக்கு உள்ளே இருந்து வானம் பார்த்தால் அழகாக இருக்கும்," என்றார் ஆங்கிலத்தில்.

"கவலை வேண்டாம், ஒரு துளி இறங்காது," என்றார் இவர்.

"அப்பா பசியோடு இருக்கிறார்."

"நனையாமல் சாப்பிடட்டும்!"

மோஷே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முடிச்சையே பார்த்தார். முன்பொரு சனிக்கிழமை, விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடக்கூடாத அவர்களுடைய ஓய்வுநாளில், எங்கள் வாசலில் வந்து, "எங்கள் வீட்டில் இருட்டாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி நின்றவர் அவர். விசயம் விளங்கியது. திருநாளில் முடிச்சை அவிழ்க்கவும் கூடாது, அவிழ் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. எங்கள் சனமும் குடிக்கத் தண்ணி தா என்று கேட்பதில்லையே. "என்ன வெக்கை" என்றுதானே சொல்லும்.

"இஞ்சேருங்கோ, உங்கட முடிச்சாலை கிழவன் பட்டினி கிடக்குது. மேலை மூடினால் அவையளுக்குப் பண்டிகையே இல்லை. அவிழுங்கோ!" என்றேன் இவரிடம்.

"அவிட்டால் ஒழுகுமெல்லோ?"

"ஒழுகத்தானப்பா கட்டினவை!"

முடிச்சு அவருக்கே அவிழவில்லை. கடைசியில் கத்தியால் அறுத்தார். தூறல் தொடங்கியது. கிழவர் கிண்ணத்தை உயர்த்திப் பாடி, நனைந்த ரொட்டியைப் பிட்டு, தேர் இழுத்து முடித்தவர்போலச் சிரித்தார். மோஷே எங்களையும் உள்ளே கூப்பிட்டார். நான் போய் இருந்துவிட்டேன், சூப்பில் மழை விழ விழக் குடித்தேன்.

இவர் வரவில்லை. இனி ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறியவர். விட்டுப் போகவும் மனமில்லை. கொட்டில் வாசலில் ஒரு தோள் உள்ளே, ஒரு தோள் வெளியே என்று நின்றார். இரண்டும் ஒரே மாதிரித்தான் நனைந்துகொண்டிருந்தன.