கையைத் தொடாமல் வளையல் விற்ற காலம்

பெண்களின் கையைப் பிடித்தும் அடி வாங்காத ஒரே ஆம்பிளை வளையல்காரன்தான். விளக்குத்தூண் பக்கம் கடை போட்டிருந்த எனக்கு, யுத்த காலத்தில் காலரா வந்தபோது அந்தச் சலுகையும் போயிற்று. அந்த நாளில் கடை திறந்து, பஸ் ஏறி, ஊசி குத்திக்கொண்டு அவதிப்பட்ட சகபாவிகளே, நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். குறைத்துச் சொல்கிற பழக்கம் என் வம்சத்திலேயே கிடையாது.

சிவப்பு மருந்து

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து உத்தரவு போட்டார். வளையலைச் சிவப்பு மருந்துத் தண்ணீரில் முக்கித்தான் கொடுக்க வேண்டும்; வாங்க வருகிறவர் கையை நான் தொடக் கூடாது. முக்கி முக்கி என் கடையில் பச்சை வளையல் எல்லாம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. அதையும் பம்பாய்ப் புதுத் தினுசு என்று சொல்லி விற்றேன்.

தொடாமல் விற்பதுதான் பெரும்பாடு. கையை அமுக்கி, எலும்பை நெருக்கி ஏற்றினால்தான் வளையல் ஏறும். அவர்களே போட்டுக்கொண்டால் பாதி உடையும், மீதி கையைக் கிழிக்கும். செல்லூரிலிருந்து வந்த ஒரு அம்மா, பாதியை உடைத்துவிட்டு, கிழிந்த கை ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு கையப் புடிச்சு வருசம் எம்புட்டோ ஆச்சு. நீங்களும் புடிக்க மாட்டேன்னா நான் எங்க போவேன் பாய்?"

அலறினால் இடம்

உசிலம்பட்டிச் சந்தையை மூடிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் விற்கலாம் என்று பெட்ரோல் பஞ்சத்தில் கரியைப் போட்டு ஓட்டிய கரிவண்டி பஸ்ஸுக்குப் போனேன். காலரா ஊசி போட்டவருக்குத்தான் இடம். ஊசி போட்டதற்குக் கொடுத்த சீட்டை எவன் பத்திரமாய் வைத்திருந்தான்? கண்டக்டர் ஒவ்வொருவர் புஜத்தையும் அமுக்குவார். வலியில் அலறினால் ஏறலாம். சும்மா நின்றால் இறங்க வேண்டியதுதான். அன்றைக்குக் கிளம்பிய அலறலில் நாகமலையே இரண்டடி நகர்ந்து படுத்தது. நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம்.

எனக்கு முன்னால் நின்ற மீசைக்காரர், கண்டக்டர் கையை நீட்டியதுமே "ஐயோ அம்மா" என்று கத்தினார். கண்டக்டர் சிரிக்கவே இல்லை. "நான் இன்னும் தொடவே இல்ல மாப்ள. போயி ஊசியப் போட்டுட்டு வந்து அலறு."

தட்டிக்கு இந்தப் பக்கம்

திருப்பரங்குன்றம் போகிற சாலையில், ஊருக்கு வெளியே, காலராக் கொட்டகை போட்டிருந்தார்கள். சுற்றிலும் ஆளுயரக் கீற்றுத் தட்டி; சொந்தக்காரர் எவரும் உள்ளே போக முடியாது. அறுப்புக்குப் போன இடத்தில் காலரா கண்ட கூலிக்காரன் வீரணனை வயலிலிருந்தே வண்டியில் தூக்கிவந்து அதற்குள் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் பெண்சாதி பேச்சிக்கு ஏழு மாதம். கூட்டம் கூடக் கூடாது என்பதால் வளைகாப்பும் நின்றுபோயிற்று. அவள் என் கடைக்கு வந்து, இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் வளையல் கேட்டாள்.

"வளைகாப்புத்தான் இல்லையே தாயி?" என்றேன்.

"வயித்துப் பிள்ளைக்கு இல்ல பாய். அதோட அப்பன் கேக்கணும்."

வளையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கொட்டகைக்கு எதிரே சாலையோரம் நின்று பேச்சி கைகளை உயர்த்திக் குலுக்கினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தகரக் குவளையைத் தட்டுகிற சத்தம் வந்தது. இவள் குலுக்க, அவன் தட்ட, காவல்காரர் தடியோடு எழுந்து வந்தார். பேச்சியின் வயிற்றைப் பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கூப்பாடு போடக் கூடாதுன்னுதான் எனக்கு உத்தரவு. வளையலப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல."

குவளை பேசாத நாள்

அதன்பிறகு தினமும் போனாள். ஒரு காலை, திருப்பரங்குன்றம் பக்கம் வியாபாரத்துக்குப் போன நான் அவளைச் சாலையோரத்தில் பார்த்து நின்றேன். வெகுநேரமாய்க் குலுக்கிக்கொண்டிருந்தாள். தட்டிக்குள்ளே சத்தமே இல்லை. காவல்காரர் என்னைத் தனியே இழுத்துப் போய், "விடியுமுன்னே எடுத்துட்டுப் போயி எரிச்சாச்சு பாய். இந்தப் பிள்ளைகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

நான் அவளிடம் திரும்பி வந்தேன். அவள் கையை இறக்கவில்லை. குலுக்கிய வேகத்தில் வளையல்கள் ஒன்றோடொன்று மோதி, உடைந்த சில்லு காலடியில் கிடந்தது. என் முகத்தைப் பார்த்தாள். என் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"சத்தம் பத்தல போல பாய். இன்னும் ஒரு டஜன் ஏத்தி விடுங்க."

வேண்டாம் என்று நகர்கிறவளிடம் நூறு பொய் சொல்லி விற்றுவிடுகிற வளையல்காரனுக்கு, இன்னும் வேண்டும் என்று கை நீட்டுகிறவளிடம் சொல்ல ஒரு பொய்கூடக் கிடைக்காது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம்.